இன்னும் ஒரே ஒரு வேலை

"இன்னும் ஒரே ஒரு வேலைதான் பாக்கி, சிஸ்டர். அது முடிஞ்சதும் மேல போய்ப் பிள்ளையைக் கூட்டிட்டு வந்துடுவேன்."

சிஸ்டர் பெர்பெத்துவா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"போன மாசமும் ஒரே ஒரு வேலைன்னுதான் சொன்னே."

"அது ஜன்னலுக்குக் கொசுவலை."

"அதுக்கு முந்தி?"

"தண்ணித் தொட்டிக்கு மூடி. அது வேணாமா? பிள்ளை நடமாடுற வீடு."

"பிள்ளை எங்க நடமாடுது?"

சலேத் ஒரு கீரைக்காம்பை எடுத்து உருவத் தொடங்கினாள்.

வத்தலகுண்டைத் தாண்டி, மலைச்சாலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது அந்தச் சின்ன மடம். இரண்டே சிஸ்டர்கள். ஜெபம் கேட்டு வருகிறவர்களுக்கு பெர்பெத்துவா ஜெபத்தோடு ஒரு வேலையும் கொடுப்பாள் என்று ஊரில் பேச்சு. சிலர் அதற்குப் பயந்தே வருவதில்லை.

சலேத்துக்கு அவள் வேறு ஆள். கான்வென்ட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அப்போது அவள் பெயர் தேன்மொழி. இப்போதும் சலேத் அவளைத் தேனு என்றுதான் கூப்பிடுவாள். பயம் வந்தால் மட்டும் சிஸ்டர் என்பாள்.

கொஞ்ச காலமாக சிஸ்டர்தான்.

சலேத்துக்குக் காசநோய் வந்திருந்தது. பிள்ளையிடமிருந்து இரண்டு வாரம் தள்ளியிருக்கச் சொன்னார் டாக்டர். மஸ்கட்டில் இருந்த கணவன் பயந்து, மருந்து முடிகிறவரை பிள்ளை மலை மேல் பண்ணைக்காட்டில் தன் அக்கா விமலாவிடம் இருக்கட்டும் என்றான். மருந்தும் முடிந்தது. நோயும் போய்விட்டது. டாக்டர் கைகுலுக்கி அனுப்பினார்.

பிள்ளை செரின் இன்னும் மலை மேலேயே இருந்தாள்.

"இப்ப என்ன வேலை?"

"வண்டிக்குப் பின்பக்கம் ரெண்டு ஷாக் அப்சார்பரும் போயிடுச்சு. போன தடவை அவளை ஏத்திக்கிட்டு பக்கத்து ஊரு ஊத்து வரைக்கும் ஒரு ரவுண்டு போனேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டி குதி குதின்னு குதிச்சு, பிள்ளை தலை கண்ணாடில இடிச்சிருச்சு. அத்தைகிட்டப் போகணும்னு ஒரே அழுகை."

"வண்டி குதிச்சதாலயா?"

"பின்ன?"

பெர்பெத்துவா கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

முற்றத்தில் நின்றது வண்டி. சின்னக் கார், பழசு. ஒரு காலத்தில் சிவப்பு. அவள் அதன் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்தி விட்டாள். வண்டி தாழ்ந்தது, எழுந்தது, மறுபடி தாழ்ந்தது, மறுபடி எழுந்தது. போகலாமா வேண்டாமா என்று யாரிடமோ கேட்டுக்கொண்டே இருந்தது.

பெர்பெத்துவா சலேத்தைப் பார்த்தாள். சலேத் வேறெங்கோ பார்த்தாள்.

டிக்கியில் புது ஷாக்குகள் பெட்டியோடு இருந்தன. பெட்டி மேல் தூசி. பெர்பெத்துவா ஒரு விரலால் அதில் கோடு போட்டாள்.

"மெக்கானிக்கிட்ட விடப் பயமா இருக்கு. சரியா முறுக்காம விட்டுட்டான்னா? என் கையால முறுக்கினாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"அப்ப முறுக்கு."

"எனக்குத் தெரியாதே."

மடத்து ஜீப்பை மலைக் கிராமங்களுக்கு ஓட்டிப் போவதும், வழியில் நின்றால் கழற்றி மாட்டுவதும் பெர்பெத்துவாதான். அவள் உள்ளே போய்ப் பழைய சாக்கு ஒன்றையும் ஸ்பேனர் பையையும் கொண்டுவந்தாள்.

"அந்தக் கல்லைத் தூக்கி முன்சக்கரத்துக்குக் கொடு."

முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார்கள். ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கி, இரும்பு ஸ்டாண்டுகள் மேல் நிறுத்தினார்கள். சக்கரங்களைக் கழற்றினார்கள். அச்சு கீழே தொங்கியது.

ஷாக்கின் மேல் நட்டு டிக்கிக்குள் இருந்தது. சலேத் மடங்கி உள்ளே போய் உட்கார்ந்தாள். நட்டைத் திருப்பினால் ஷாக்கின் தண்டும் கூடவே சுற்றியது.

"ஒரு கையால தண்டைப் பிடி. இன்னொரு கையால நட்டைத் திருப்பு. ரெண்டையும் சேத்துத் திருப்பினா விடியற வரைக்கும் திருப்பலாம்."

"வாய் மட்டும் அப்படியே இருக்குடி உனக்கு."

"அப்பாடா. சிஸ்டர் போய் 'டி' வந்திருச்சு."

நட்டு இளகியது. சலேத் டிக்கியை விட்டு இறங்கவில்லை. இருட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"தேனு."

"ம்."

"தூங்கும்போது என் காதைப் பிடிச்சுக்குவா. மடலை. ரெண்டு விரலால நீவிக்கிட்டே இருப்பா. விரல் நின்னா தூங்கிட்டான்னு அர்த்தம். நான் கொஞ்ச நேரம் காதை எடுக்காமலே படுத்திருப்பேன்."

கீழே துருப்பிடித்த போல்ட்டுக்கு பெர்பெத்துவா மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது.

"இப்ப?"

"இப்ப விமலா காது."

சலேத் டிக்கி ஓரத்துத் துருவை நகத்தால் சுரண்டினாள்.

"போன தடவை கிளம்புறப்ப, டாட்டா சொல்லுன்னு விமலா சொன்னா. 'டாட்டா ஆன்ட்டி'ன்னு சொல்லுச்சு. விமலா அதட்டினா, 'அது உன் அம்மாடி'ன்னு. பிள்ளை என்னையும் பார்த்துச்சு, அவளையும் பார்த்துச்சு. அப்புறம் விமலா சேலைக்குள்ள போயிடுச்சு."

"அதுக்கப்புறம்தான் கொசுவலையா?"

சலேத் இறங்கினாள்.

பழைய ஷாக்குகள் எண்ணெய் கசிந்து கறுத்து வெளியே வந்தன. புதுசை மாட்டுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. மேலே நட்டு, கீழே போல்ட்டு. போல்ட்டு நுழைகிற வளையத்துக்குள் கறுப்பு ரப்பர் ஒன்று இருந்தது, கட்டைவிரல் தடிமனில்.

மதிய மணி அடித்தது. பெர்பெத்துவா கையைத் துடைத்துக்கொண்டு ஜெபத்துக்குப் போனாள்.

சலேத் தனியாக முறுக்கினாள். காலை ஊன்றி, பல்லைக் கடித்து, உடம்பின் பாரத்தையெல்லாம் ஸ்பேனரில் போட்டு முறுக்கினாள். இடது பக்கம். பிறகு வலது பக்கம். பிறகு மறுபடி இடது. இனி எதுவும் அசையாது. இந்த ஒன்றாவது அசையாது.

ஜெபம் முடிந்து பெர்பெத்துவா வந்தாள். சாக்கில் மல்லாந்து படுத்து உள்ளே போனாள். ஸ்பேனரை மாட்டினாள். இடது போல்ட்டைத் திருப்பி இளக்கினாள்.

"ஏய், என்ன பண்றே?"

வலது போல்ட்டையும் இளக்கினாள்.

சலேத் குனிந்து, ஸ்பேனரைப் பிடுங்கி, இடது போல்ட்டை மறுபடி முறுக்கினாள். பெர்பெத்துவா பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஸ்பேனரை வாங்கி மறுபடி இளக்கினாள்.

"சிஸ்டர், விளையாடாதீங்க. என் பிள்ளை உட்காரப்போற வண்டி."

"ஏன் இப்படி முறுக்குறே?"

"கழண்டுடுமோன்னு பயம்."

"நல்ல பயம்தான். ஆனா நீ தொங்குற வண்டிக்கு முறுக்குறே."

"புரியல."

"இப்ப சக்கரம் இல்ல, தரை இல்ல, பாரம் இல்ல. அச்சு சும்மா தொங்குது. இப்படித் தொங்கும்போதே இறுக்கிட்டா, இதுதான் தன்னோட நிலைன்னு ரப்பர் பிடிச்சுக்கும். அப்புறம் வண்டியை இறக்கினா, பாரம் ஒரு பக்கம் இழுக்கும், நீ முறுக்கினது ஒரு பக்கம் இழுக்கும். நாளெல்லாம் திருகிக்கிட்டே நிக்கும். சீக்கிரம் கிழிஞ்சுடும்."

"அப்ப எப்பதான் முறுக்கணும்?"

"பாரம் வந்து உட்கார்ந்தப்புறம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் விழாத அளவுக்குப் பிடிச்சிருந்தாப் போதும்."

சலேத் போல்ட்டையே பார்த்தாள்.

"இளக்கமாவா வைக்கிறது?" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"ஜாக்கியை இறக்கு."

சக்கரங்களை மாட்டி, ஸ்டாண்டுகளை எடுத்து, சலேத் ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். டயர் தரையைத் தொட்டது. வண்டி மெல்ல அமர்ந்தது. பெர்பெத்துவா டார்ச் அடித்து, வா என்று கைகாட்டினாள். சலேத் மண்ணில் கன்னம் படக் குனிந்து பார்த்தாள்.

ஷாக்கின் கீழ்வளையம் போல்ட்டைச் சுற்றித் தானாகவே திரும்பியிருந்தது. யாரும் தொடவில்லை. வண்டியின் கனம் வந்ததும் தன் இடத்தைத் தானே பார்த்துக்கொண்டு நின்றிருந்தது.

"இவ்வளவா திரும்பும்?" என்றாள் சலேத்.

"பின்சீட்ல ஏறி உட்காரு."

"எதுக்கு?"

"வெறும் வண்டியாவா ஓட்டப்போறே?"

சலேத் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் பிள்ளைக்கு வாங்கிய சின்ன சீட், பெல்ட்டில் கட்டப்பட்டிருந்தது. வாங்கியபோது இருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் அதன் மேலேயே இருந்தது. செரின் வருகிறவரை அழுக்காகக் கூடாது என்று விட்டுவைத்தது. ஊத்துக்குப் போனபோதும் அதைப் பிரிக்கவில்லை. பிள்ளையை மடியில் பிடித்துக்கொள்ள விமலாதான் பின்னால் உட்கார்ந்து வந்தாள்.

கீழே ஸ்பேனர் முனகத் தொடங்கியது. அதன் அதிர்வு சீட் வழியாக ஏறி வந்தது.

"தேனு, நாளைக்கு ஒரு தடவை நான் மட்டும் வெறும் வண்டியா மேல போய் இறங்கிப் பார்த்துட்டு..."

ஸ்பேனர் முனகியது.

"ஹால்ல ஒரு பிளக் பாயின்ட் கீழ இருக்கு. அதை மூடிட்டேன்னா..."

ஸ்பேனர் முனகியது.

"அவளுக்கு கவுன் எடுத்து வச்சிருக்கேன். அளவு சரியா இருக்குமான்னு விமலாகிட்டக் கேட்டுட்டு..."

அவள் நிறுத்திக்கொண்டாள். போன தடவை எடுத்த கவுனும் அலமாரியில்தான் இருந்தது. அதற்கு முந்தி எடுத்ததும். ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் பெரிது.

கீழே சத்தம் பக்கம் மாறியது. இடது முடிந்து வலது.

சலேத்தின் கை பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக்கைத் தொட்டது. விரல் ஓரத்தைத் தேடியது. பிறகு அவள் அதைக் கிழித்தாள். ஒரே இழுப்பில் வரவில்லை. முழங்காலால் சீட்டை அமுக்கிக்கொண்டு, பெல்ட்டுக்கு அடியில் சிக்கியதையும் விடாமல் இழுத்து, கடைசித் துண்டு வரைக்கும் கிழித்தாள். இளநீலத் துணியில் அவள் விரல்கள் கறுப்பாகப் பதிந்தன.

பெர்பெத்துவா சாக்கிலிருந்து எழுந்தாள். கண்ணாடி வழியே சீட்டைப் பார்த்தாள். கறையைப் பார்த்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. உன் காதெல்லாம் கிரீஸ்டி."

காதை எப்போது தொட்டோம் என்று சலேத்துக்கே தெரியவில்லை. குழாயடிக்குப் போனாள். குழாயைத் திறந்தாள். தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கையை மட்டும் கழுவிக்கொண்டு மூடினாள்.

வண்டியைக் கிளப்பினாள். கேட்டைத் தாண்டினால் ரோடு. இடது பக்கம் ஊருக்கு இறங்கும், அவள் வீட்டுக்கு. வலது பக்கம் மலைக்கு ஏறும்.

பெர்பெத்துவா கேட்டைத் திறந்துவிட்டு, ரோட்டில் போய் நின்றாள். இடது பக்கத்தை மறித்துக்கொண்டு, நடு ரோட்டில், வெள்ளை உடுப்பில் மண்ணோடு. கீழேயிருந்து வந்த காய்கறி வேன் ஒன்று ஹாரன் அடித்துப் பார்த்தது. அவள் நகரவில்லை.

சலேத் கண்ணாடியை இறக்கினாள்.

"தேனு."

"ம்."

"மறுபடியும் ஆன்ட்டின்னு கூப்பிட்டா நான் என்ன பண்ணட்டும்?"

"'என்ன, கண்ணு?'ன்னு கேளு."