ஓர் அந்தி மருந்து

விலங்குகளும் பறவைகளும் ஒன்றோடொன்று பேசிப் பழகிய அந்தக் காலத்தில், செம்போத்தின் கண் வெளுத்த நிறமாகத்தான் இருந்தது. காட்டுக்கே மருந்து கொடுக்கும் பறவை அது. புங்கமரப் பொந்தில் மருந்துகளை வைத்திருந்தது. விளாங்காய் ஓட்டின் இரண்டு பாதிகளைக் கொடியில் கட்டித் தராசாக்கி, குன்றிமணியை எடையாக வைத்து நிறுக்கும். ஒரு தூசி கூடினாலும் ஊதிவிட்டு மறுபடி நிறுக்கும்.

ஒரு கோடையில் புள்ளிமான் ஒன்று தன் குட்டியை அழைத்துக்கொண்டு வந்தது. குட்டியின் நெற்றியெல்லாம் சிராய்ப்பு.

"பகல்ல நல்லாத்தான் இருக்கான் அக்கா. பொழுது சாஞ்சா கண்ணு தெரியல. புதர்ல போய் முட்டிக்கிறான்."

"மாலைக்கண். முருங்கையிலைப் பொடி தின்னா சரியாயிடும்" என்றது செம்போத்து.

"சீக்கிரம் ஆகணும் அக்கா. ஓடை வத்திப்போச்சு. பௌர்ணமி முடிஞ்சதும் கூட்டம் பெரிய ஏரிக்குக் கிளம்புது. பகல் வெயில்ல நடக்க முடியாது, அந்தியிலதான் நடை. வழியெல்லாம் பள்ளத்தோரம். இவனை எப்படிக் கூட்டிட்டுப் போவேன்? விட்டுட்டும் போகமாட்டேன்."

இங்கேயே இருந்தால் தாகத்தில் சாக வேண்டியதுதான். 

போன கோடையில் இதே நோய் வந்த சருகுமான் குட்டிக்குச் செம்போத்து ஒரு குன்றிமணி எடைப் பொடிதான் கொடுத்தது. அன்று மாலையே அதற்குக் கண் தெரிந்தது. அதே எடையை இந்தக் குட்டிக்கும் கொடுத்தது. மாலையில் குட்டி நேராகப் போய்க் கரையான் புற்றில் முட்டிக்கொண்டது. மறுநாளும் கொடுத்தது. மறுநாளும் முட்டிக்கொண்டது.

"எடை சரியாத்தான் இருக்கு" என்றது செம்போத்து.

கிளையில் உட்கார்ந்திருந்த ஓணான் தலையை ஆட்டியது. "எடை சரிதான். புத்துதான் தப்பான இடத்துல நிக்குது."

செம்போத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. பொந்துக்குள் போய்த் துழாவியது. போன வருடத்துப் பொடி ஓர் இலை மடிப்பில் கொஞ்சம் மீந்திருந்தது. நிறுத்தால் இரண்டே குன்றிமணி. அதை முகர்ந்தபோதுதான் அதற்கு ஞாபகம் வந்தது. அந்த இலை நிழலில் காய்ந்தது. இந்த வருடம் அவசரத்துக்குச் சுடுபாறை மேல் வெயிலில் உலர்த்திவிட்டது. இரண்டும் பச்சையாகத்தான் இருந்தன. எடையும் ஒன்றேதான். சத்து மட்டும் வெயிலோடு போய்விட்டது.

மறுநாள் பழைய பொடியில் ஒரு குன்றிமணி கொடுத்தது. பொழுது சாய்ந்ததும் மானிடம் சொன்னது: "அந்த மருதமரத்துப் பக்கம் போய் வாலைத் தூக்கிட்டு நில்லு. காத்து உன் பக்கமிருந்து வந்தா வாசனையிலேயே கண்டுபிடிச்சிடுவான். எதிர்ப்பக்கமா நில்லு. சத்தம் போடாதே."

குட்டி உற்றுப் பார்த்தது. "அம்மா வாலு வெள்ளையாத் தெரியுது" என்று துள்ளி ஓடியது. எதிலும் முட்டவில்லை.

ஆனால் அடுத்த மாலை பழையபடி இருட்டு. ஒரு குன்றிமணி ஓர் அந்திக்குத்தான் வந்தது.

அன்றிலிருந்து செம்போத்து புதிய பொடியையே எடை கூட்டிக் கொடுத்துப் பார்த்தது. இரண்டு குன்றிமணிக்கு ஒன்றும் தெரியவில்லை. "அம்மா அங்க" என்று குட்டி குத்துமதிப்பாகக் காட்டியது. செம்போத்து மானை இடம் மாற்றி நிறுத்தியது. குட்டி மறுபடியும் அதே பக்கத்தைக் காட்டியது.

"கள்ளப்பய" என்று செம்போத்து அதன் காதைச் செல்லமாகக் கொத்தியது.

மூன்று குன்றிமணிக்கு ஏதோ நிழல்போலத் தெரிந்ததாம். ஓடிப்போய்க் கட்டையில் இடித்து உதடு கிழிந்தது.

மானுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, பழசுல இன்னும் ஒரு குன்றிமணி இருக்கில்ல? அதைக் கொடுத்துடுங்க."

"கொடுத்தா நாளைக்கு ஓர் அந்தி பாப்பான். அதுக்கப்புறம்? புதுசு எவ்வளவு வேலை செய்யுதுன்னு ஒப்பிட அது ஒண்ணுதான் இருக்கு, தாயி."

மான் முகத்தைத் திருப்பிக்கொண்டு குட்டியின் உதட்டை நக்கிக் கொடுத்தது.

"அள்ளி ஒரு வாய் நிறையக் கொடுத்துட்டுப் போயேன்" என்றது ஓணான்.

"போன வருஷம் முயல் அப்படித்தான் திருடித் தின்னுச்சு. வாந்தியெடுத்துச் செத்துப் பொழைச்சுது. குறைஞ்சாலும் ஆகாது, கூடினாலும் ஆகாது."

மறுநாள் செம்போத்து நான்காவது குன்றிமணியையும் தட்டில் வைத்து நிறுத்துக் கொடுத்தது. அன்று மாலை முழுவதும் அது கண் இமைக்கவில்லை. மான் மருதமரத்துப் பக்கம் நின்றது. காற்று எதிர்ப்பக்கம் வீசியது.

"வாலு" என்றது குட்டி. "ஆட்டுறாங்க."

செம்போத்து குன்றிமணிகளை எல்லாம் வழித்து வற்றிய ஓடையில் வீசியெறிந்தது. பிறகு பொடியைத் தேனில் குழைத்து, அன்று கொடுத்த அளவுக்கே உருண்டை பிடித்து, வழிநடைக்கு வேண்டியதை இலையில் கட்டி மானின் கழுத்தில் மாட்டியது. பழைய பொடியில் மிஞ்சிய கடைசிக் குன்றிமணி எடையை மட்டும் மெழுகில் மூடிப் பொந்தின் ஆழத்தில் வைத்தது.

ஓணான் எட்டிப் பார்த்தது. "அது இத்தனூண்டு, இது இவ்ளோ பெரிசு. ரெண்டுக்கும் என்ன பேரு?"

"ரெண்டும் ஓர் அந்திதான். எவ்வளவு கனம்னு இனிமே சொல்லமாட்டேன். என்ன செய்யுதுன்னுதான் சொல்வேன்."

"என் வயித்துவலி வேரையும் அந்தியிலதான் அளப்பியா?"

"வயித்துவலிக்கு அந்தி எதுக்கு? வலி நிக்கிறதுதான் அதுக்குக் கணக்கு. அதையும் இதையும் சேத்துக் கூட்டாதே."

பௌர்ணமி கழிந்து கூட்டம் கிளம்பியது. குட்டி தாயின் வாலைப் பார்த்தபடி பள்ளத்தோரமாக நடந்தது. மான் ஒருமுறை நின்று திரும்பியது. "வர்றேங்க்கா" என்றது.

வெகுதூரம் போனபின், மங்கிய வெளிச்சத்தில் குட்டி திரும்பிப் பார்த்துக் கத்தியது. "அக்கா, உங்க கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு?"

ஓணான் தலையாட்டியது. "தூக்கிப் போட்ட குன்றிமணியைக் கண்ணுல வெச்சுக்கிட்டியா?"

செம்போத்து அதைக் காதில் வாங்கவில்லை. 'அவ்வளவு தூரத்திலிருந்து தெரியுதா' என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டது.

அந்த மாலையில் சிவந்த கண் பிறகு வெளுக்கவே இல்லை. செம்போத்து இன்றும் புதரோரத்தில் மெல்ல நடந்து எதையும் உற்றுப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. சில சத்துமருந்துகளுக்கும் தடுப்பூசிகளுக்கும் எவ்வளவு கனம் என்று சொல்லாமல், எவ்வளவு வேலை செய்யும் என்பதைப் பழைய மருந்து ஒன்றோடு ஒப்பிட்டு, இத்தனை யூனிட் என்று எழுதும் வழக்கமும் அன்று தொடங்கியதுதான்.