செண்பகத்தின் பொம்மைக்கு ஒரு பாவாடை

"ஒரு பொம்மைப் பாவாடை தைக்க எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார் குற்றாலிங்கம்.

"எனக்கு அரை மணி நேரம்," என்றாள் முப்பிடாதி. "உங்களுக்குத் தெரியல சார்."

சங்கரன்கோவிலில் மனசு சரியில்லாதவர்கள் கோயிலுக்குப் போவார்கள். அங்கேயும் ஆறாதவர்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற முப்பிடாதியின் தையல் அறைக்கு வருவார்கள்.

அவளுக்கு முப்பத்து நாலு வயசு. நைட்டி தைக்கிற இடங்களில் கழித்துப் போடும் துண்டுத் துணியை மூட்டையாக வாங்கிவந்து, பிள்ளைகளின் பொம்மைகளுக்கு உடுப்பு தைப்பாள். பாவாடை, சட்டை, தொப்பி, கட்டைவிரல் அளவுக்கு ஒரு சுருக்குப் பை. தைத்துக்கொண்டே, வந்தவர் சொல்வதைக் கேட்பாள். பதில் ஒன்றோ இரண்டோ வார்த்தை. சிலர் அழுதுகொண்டு போவார்கள். சிலர் அவளைத் திட்டிவிட்டுப் போய், மறுவாரம் திரும்பி வருவார்கள்.

குற்றாலிங்கத்துக்கு எழுபத்தொன்று. ரிட்டயர்டு தலைமையாசிரியர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கிப் படித்தவர்கள். அவர் தெருவில் வந்தால் பேரன் எடுத்தவன்கூட பீடியை மறைப்பான்.

அவர் முப்பிடாதியின் முன்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்குத் தைக்கக் கத்துக்கொடு," என்றார்.

"என்னத்துக்கு சார்?"

அவர் சொன்னார்.

"என் மக செண்பகத்துக்கு அப்ப பத்து வயசு. மறுநாள் பரீட்சை. புத்தகத்தை மூடி வச்சிட்டுப் பொம்மைக்குப் பாவாடை தச்சுக்கிட்டிருந்தா. பச்சைப் பாவாடை, மஞ்சள் கரை. நான் அதைப் பிடுங்கி வெந்நீர் அடுப்புல போட்டுட்டேன். பொம்மையையும் சேர்த்து."

"அழுதாங்களா?"

"அழலை. அடுப்பையே பாத்துக்கிட்டு நின்னா. அந்தப் பார்வை..."

குரல் உடைந்தது. இந்தக் கதையை அவர் டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். காலையில் கூட நடக்கும் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். எப்போது சொன்னாலும் அந்த இடத்தில்தான் அவர் குரல் உடையும்.

"பதினோரு வருஷமா அவ என் வீட்டுப் படி ஏறலை. அவ அம்மா காரியத்துக்கு மட்டும் வந்தா. என்கிட்ட ஒரு வார்த்தை பேசாம பஸ் ஏறிட்டா. அதே மாதிரி ஒரு பாவாடையை என் கையால தச்சு, கொண்டுபோய் அவகிட்ட கொடுக்கணும். கொடுத்தா மன்னிப்பாளா?"

முப்பிடாதி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மூலையில் கிடந்த ஒரு பையை இழுத்து அவர் காலடியில் வைத்தாள். தப்பாகத் தைத்து ஒதுக்கிய பொம்மை உடுப்புகள்.

"இதெல்லாம் பிரிங்க."

இருபது நாள் பிரித்தார்.

கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, பிளேடு முனையால் ஒவ்வொரு தையலாக நெம்பினார். துணி கிழிந்தது. விரல் கிழிந்தது. இருபத்தோராம் நாள் பிளேடை எறிந்தார்.

"தைக்கக் கத்துக்கொடுன்னா பிரிக்கச் சொல்றே! என்னைப் பாத்தா உனக்கு விளையாட்டா இருக்கா?"

"தையல் எங்க ஆரம்பிச்சிருக்குன்னு பாத்து, அங்கிருந்து பிரிக்கணும் சார். நீங்க உங்களுக்கு வாகான இடத்துல பிரிக்கிதிய. அதான் கிழியுது."

அவர் எழுந்து போய்விட்டார். வீட்டில் பேச ஆள் இல்லை. நாலாம் நாள் தானாகவே திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

அதன் பிறகுதான் ஊசி அவர் கைக்கு வந்தது.

முதல் சட்டையைத் தைக்க ஒன்பது நாள். சின்னச் சட்டை, நாலு பக்கமும் மூடித் தைத்திருந்தார். அதைப் பொம்மைக்கு மாட்டப் பார்த்தார். கை நுழையவில்லை. இழுத்தார். அழுத்தினார். பொம்மையின் கை தோளோடு கழன்று அவர் கையில் வந்தது.

"கை மடங்காத பொம்மை சார் அது," என்றாள் முப்பிடாதி. "முதுகுப்பக்கம் முழுசும் திறந்து வச்சுத் தச்சாத்தான் போட முடியும்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க பொம்மையைப் பாப்பியன்னு நினைச்சேன்."

நாலாவது மாதம் பாவாடை முடிந்தது.

பச்சை உடம்பு. மஞ்சள் கரை. இடுப்பில் உருவுகிற நாடா. கூடவே, அவர் தாமாக யோசித்துத் தைத்த ஒரு சுருக்குப் பை. முப்பிடாதி பாவாடையை வாங்கி உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். முடிச்சு ஒன்றுகூடத் துருத்தவில்லை.

"நல்லா தச்சிருக்கிய," என்றாள்.

அவளிடமிருந்து அந்த வார்த்தையை இதுவரை யாரும் வாங்கியதில்லை. குற்றாலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாளைக்குப் பாளையங்கோட்டைக்குப் போறேன். மக வீட்டுக்கு."

"போங்க. இதை இங்க வச்சிட்டுப் போங்க."

"என்னது?"

"வெறுங்கையோட போங்க சார். அவங்க என்ன சொல்லுதாங்கன்னு கேட்டுட்டு வாங்க."

"நாலு மாசம் கண்ணு நோகத் தச்சிருக்கேன். இது இல்லாம அங்க போய் நான் எதைப் பத்திப் பேசுறது?"

முப்பிடாதி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பாவாடையை அவர் கையிலேயே கொடுத்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார். மகள் பிரிப்பாள். பார்ப்பாள். உதடு நடுங்கும். 'அப்பா' என்பாள். பாளையங்கோட்டை வருகிறவரைக்கும் அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு போனார். ஒருதரம் அவருக்கே அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

செண்பகம் கதவைத் திறந்தாள். முன்நெற்றியில் நரை விழுந்திருந்தது. அவர் அதை எதிர்பார்க்கவில்லை.

"வாங்க," என்றாள். சிலிண்டர் கொண்டுவருகிறவரிடமும் அப்படித்தான் சொல்வாள் என்று தோன்றியது.

பேத்தி மித்ரா அம்மாவின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். எட்டு வயசு. அவர் பொட்டலத்தை நீட்டியதும் வாங்கிப் பிரித்து, உள்ளே ஓடித் தன் பொம்மையை எடுத்துவந்தாள். குச்சிபோல் ஒல்லியான, கால் நீண்ட பொம்மை. பாவாடை அதன் இடுப்பில் நிற்காமல் காலடியில் வந்து விழுந்தது.

"ரொம்ப லூசா இருக்கு தாத்தா."

"யாருக்குத் தச்சது இது?" என்று கேட்டாள் செண்பகம்.

"உனக்குத்தாம்மா. உன் பொம்மைக்கு."

அவர் சொன்னார். பரீட்சை, பச்சைப் பாவாடை, வெந்நீர் அடுப்பு, அவள் நின்ற நிலை. அந்த இடத்தில் குரல் உடைந்தது.

செண்பகம் புருவத்தைச் சுருக்கி யோசித்தாள்.

"எனக்கு ஞாபகம் இல்லையே."

"நல்லா நினைச்சுப் பாரு. மஞ்சள் கரை வச்சது."

"இருந்திருக்கும். ஞாபகம் இல்ல."

அவள் முகத்தில் பொய் இல்லை. கோபம்கூட இல்லை. குற்றாலிங்கத்துக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. இறக்கிய கையோடு எரிச்சலும் வந்தது.

"அப்போ எதுக்கும்மா இத்தனை வருஷம்? பெத்த தகப்பனை இப்படி ஒதுக்கி வைக்கிற அளவுக்கு நான் என்ன பண்ணிட்டேன்?"

"மித்ரா, மாடிக்குப் போய் விளையாடு," என்றாள் செண்பகம்.

பிள்ளை படியேறி, கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை காத்திருந்தாள்.

"ஒன்பதாங்கிளாஸ் படிக்கும்போது. கணக்கு சார் வீட்டுக்கு டியூஷனுக்குப் போகமாட்டேன்னு சொன்னேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏன்னு கேட்டீங்க. சொன்னேன். அம்மாகிட்டகூடச் சொல்லல. உங்ககிட்ட சொன்னேன். நீங்கதான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே ஹெட்மாஸ்டர். நீங்க கேட்டா அந்த ஆள் நடுங்குவான்னு நினைச்சேன்."

"என்ன சொன்னே?"

"அதை இன்னொரு தடவை நான் சொல்லமாட்டேன்."

தெருவில் ஒருவன் கோலமாவு விற்றுக்கொண்டு போனான். அவன் குரல் தெருமுனை திரும்பித் தேய்ந்தது.

"முழுசும் கேட்டீங்க," என்றாள் செண்பகம். "நடுவுல ஒரு கேள்விகூடக் கேக்கல. கேட்டு முடிச்சிட்டு எழுந்து போய்க் குடையை எடுத்துவந்து என் கையில குடுத்தீங்க. 'மழை வரும்போல இருக்கு, சீக்கிரம் கிளம்பு'ன்னு சொன்னீங்க. நான் போனேன். பத்தாவது பரீட்சை முடியிறவரைக்கும் போனேன்."

குற்றாலிங்கம் தலையை அசைத்தார்.

"எனக்கு... அப்படி ஒண்ணு நடந்ததாவே ஞாபகம் இல்லையே செண்பகம்."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு தரையில் கிடந்த பாவாடையை எடுத்து நாலாக மடித்தாள். சுருக்குப் பையை அதன்மேல் வைத்தாள். பொட்டலத்தைப் பழையபடி கட்டி அவர் மடியில் வைத்தாள்.

"மூணரைக்கு ஒரு பஸ் இருக்கு," என்றாள்.

மறுநாள் காலை முப்பிடாதி அறையைத் திறக்கும்போதே அவர் வாசலில் நின்றிருந்தார். உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். ராத்திரி தூங்காத முகம். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

முப்பிடாதி ஒரு பொம்மைத் தொப்பிக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தாள்.

"எழுபத்தொரு வயசு ஆகுது," என்றார். "ஆயிரம் பிள்ளைங்க. ஆயிரம் புகார். எதைன்னு ஞாபகம் வச்சுக்கிறது? மறந்துபோறது ஒரு பாவமா? நான் எரிச்சதை அவ மறந்துட்டா. அவ சொல்றதை நான் மறந்துட்டேன். ரெண்டு பேரும் மனுஷங்கதானே?"

முப்பிடாதி தொப்பியைத் திருப்பினாள்.

"ஞாபகம் இருந்தா நான் ஒத்துக்கமாட்டேனா? சொல்லு. பாவாடையை ஒத்துக்கலையா? ஊருக்கெல்லாம் சொன்னேனே! மறைக்கிறவனா இருந்தா அதை ஏன் சொல்றேன்?"

அவள் ஊசியில் நூல் தீர்ந்துவிட்டது. நூல்கண்டுப் பெட்டியைத் திறந்து விரலால் துழாவினாள். தொப்பிக்கு எந்த நூல் பொருந்தும் என்று பார்ப்பவள் போலக் குனிந்தபடியே கேட்டாள்.

"குடை என்ன கலர் சார்?"

"நீலம்," என்றார் குற்றாலிங்கம். "ஒரு கம்பி வளைஞ்சிருக்கும். அமுக்கித்தான் மூடணும்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.