கிலுகிலுப்பை தின்ன கெடா

ஒரு ஊர்ல ஒரு ஒச்சம்மா இருந்தா. ம் கொட்டுடி, இல்லேன்னா நான் என்ன செவுத்துக்கா கதை சொல்றேன்? ஆங், அப்படி. அவளுக்கு ஒரே பொண்ணு, பேரு பவுனு. அந்தப் புள்ள ஒரு தடவ காய்ச்சல்ல கண்ணே தொறக்காமக் கெடந்துச்சு. அப்போ ஒச்சம்மா எல்லைக் கருப்புகிட்ட போய், "எம்புள்ள எந்திரிச்சா உனக்கு ஒரு கெடா வெட்டுறேன் சாமி"ன்னு வேண்டிக்கிட்டா. புள்ள எந்திரிச்சிருச்சு. இவளும் வீட்டுல இருந்த செவலைக் கெடாக்குட்டிய சாமிக்குன்னு நேந்து விட்டுட்டா.

அப்புறம், சாமி ஆட்டுக்கு ஒரு கொறையும் வரக்கூடாதுல்ல? மத்த ஆட்டையெல்லாம் ஊர் மந்தையோட பத்தி விட்டுருவா, இதை மட்டும் வீட்டுலயே கட்டிப் போட்டு, தானே கரட்டு மேட்டுக்குப் போய் பில்லு அறுத்துட்டு வருவா. எந்தச் செடி எதுன்னு அவளுக்கு என்ன தெரியும்? சாமி ஆடாச்சேன்னு மஞ்சமஞ்சேர்னு பூத்து நின்ன செடியாப் பாத்து சரக் சரக்குன்னு அறுத்து, காயவச்சு, சோளத்தட்டையோட நறுக்கிக் கலந்து போடுவா. கெடாவும் நறுக் நறுக்குன்னு திங்கும். பவுனு அதுகூடவே உக்காந்து ஊர்க்கதையெல்லாம் பேசுவா.

கொஞ்ச நாள்ல கெடா தலையத் தொங்கப் போட்டுருச்சு. கோயிலுக்குப் போகாமலே கெடா செத்துட்டா, குடுத்த புள்ளைய சாமி திரும்பக் கேக்குமோன்னு ஒச்சம்மா பயந்தா.

ம்? தூங்கிட்டியோன்னு பாத்தேன்.

மொதல்ல கண்ணேறுன்னு நெனச்சா. பக்கத்து வீட்டு மாயக்கா, "கெடா கொழுகொழுன்னு இருக்கே"ன்னு ஒருநா சொல்லியிருந்தா. அவ கண்ணுதான்னு உப்பு மொளகா சுத்தி அடுப்புல போட்டா, படபடன்னு வெடிச்சுச்சு. கெடா எந்திரிக்கல. அப்புறம் வயித்துல பூச்சின்னு வேப்பங்கொழுந்த அரைச்சு வாயில ஊத்தினா, மடக் மடக்குன்னு குடிச்சுச்சு. எலும்புதான் தெரிஞ்சுச்சு. அப்புறம், கட்டுன எடம் சரியில்லன்னு வாசலுக்கு மாத்தினா. அங்க தள்ளாடித் தள்ளாடித் தொப்புன்னு விழுந்துச்சு. ஒவ்வொரு தடவையும், பாவம் தெம்பு வரட்டும்னு அந்தத் தீவனத்தையே ரெண்டு பிடி கூடப் போட்டா பாரு, அதான் கூத்து.

அவளுக்கு மண்டையே கொழம்பிப் போச்சு. முள்ளுலயும் வெயில்லயும் அலையிற ஆடெல்லாம் துள்ளிக்கிட்டு வருது, உக்கார வச்சு ஊட்டுறது சாகக் கெடக்கு. என்னடா இதுன்னு ஓன்னு அழுதா.

வாசல்ல கட்டினதால மாயக்கா கண்ணுல பட்டுருச்சு. வந்து தீவனக் கூடையில கைய விட்டா. உள்ள காஞ்ச காயி கிலுகிலுகிலுன்னு சத்தம் போட்டுச்சு.

"ஏண்டி, கிலுகிலுப்பையவா போடுற?"

"மஞ்சப் பூச்செடிதான்க்கா. பாக்க அழகா இருந்துச்சு."

"அது ஆடு மாட்டுக்கு வெசம்டி. பச்சையா நின்னா ஆடே மோந்து பாத்துட்டு ஒதுங்கிப் போயிரும். நீ காயவச்சு நறுக்கிக் கலந்தா அதுக்கு எங்க தெரியும்?"

இந்த அக்காவையா சந்தேகப்பட்டோம்னு ஒச்சம்மாவுக்குக் கூசிப் போச்சு. கூடையோட கொண்டுபோய்க் கொட்டிட்டு, கஞ்சித்தண்ணி வச்சா, அகத்திக்கொழை போட்டா. அப்புறம் மெல்ல மெல்ல எந்திரிச்சு "மே"ன்னுச்சு கெடா. பவுனு அதைக் கட்டிக்கிட்டு விடவே இல்ல.

அப்போ கருப்பு கோயில் கொடைத் திருவிழாவும் வந்துருச்சு. கெடா தலையில தண்ணி ஊத்தினா அது உடம்பச் சிலுப்பணும். சிலுப்புனாத்தான் சாமி ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம். பூசாரி சொம்புல ஊத்தினாரு, சலசலன்னு. அது சும்மா நின்னுச்சு. ரெண்டாஞ் சொம்பு. நோயில கெடந்த ஆடு, தேமேன்னு நிக்குது. மூணாஞ் சொம்பும் ஊத்தியாச்சு. காது கூட ஆடல.

"சாமிக்கு வேண்டாமாம். பொங்கல வச்சுட்டு ஆட்டக் கூட்டிட்டுப் போம்மா"ன்னாரு பூசாரி.

"அப்போ எம்புள்ள?"ன்னு கேட்டா ஒச்சம்மா.

"புள்ளையும் ஒனக்குத்தான், கெடாவும் ஒனக்குத்தான்."

அவரு சொல்லி முடிக்கிறதுக்குள்ள பவுனு கயித்த அவுத்து இழுத்துக்கிட்டுக் கெளம்பிட்டா. ஒச்சம்மாவுக்கு அழுகையும் வருது, சிரிப்பும் வருது. சாமி வேண்டாம்னுச்சா, கிலுகிலுப்பை பண்ணுன வேலையா, ஒண்ணும் வெளங்கல. "ஏன்டா நீ சிலுப்பல?"ன்னு கெடாகிட்ட வழியெல்லாம் கேட்டா. அது பாட்டுக்கு அசை போட்டுக்கிட்டே நடந்துச்சு.

அம்புட்டுத்தான். கெடா வீட்டுக்குப் போயிருச்சு, நீயும் கண்ண மூடு.