போஜன் சாரின் கும்பா

பாண்டிச்சேரிக்கு மேற்கே, ஏரிக்கரையை ஒட்டி ஒரு சின்ன பீர் ஆலை இருந்ததாம். அங்கே பீர் காய்ச்சுவது சவரி. ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்வது மதலேன். மதலேனுக்கு வயது முப்பத்தெட்டு. அவளிடம் ருசி கற்க வந்த சீடருக்கு ஐம்பத்து மூன்று.

சீடர் பெயர் போஜன். குன்னூரில் இருபத்திரண்டு வருஷம் தேயிலை ருசி பார்த்தவர். காலையில் முந்நூறு கோப்பை. ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, 'சுர்ர்' என்று உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போய்விடுவார். ஒரு சொட்டுகூடத் தொண்டைக்குள் இறங்கியதில்லை. பாண்டிச்சேரிக்கு வரும்போது, துப்புகிற பித்தளைக் கும்பாவையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

முதல் நாளே மதலேன் சொன்னாள்.

"பீரை முழுங்கணும் சார். துப்பக் கூடாது."

"அருமையா சொன்னீங்க மேடம்" என்றார் போஜன். நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு துப்பினார்.

"சார்!"

"முழுங்கினா நாக்கு ஒரு பக்கமா சாஞ்சிடும் மேடம். அப்புறம் நியாயம் சொல்ல முடியாது."

"சாயட்டும் சார். முழுங்குங்க."

"இதுவும் நல்லா இருக்கு." அதையும் எழுதிக்கொண்டார்.

இப்படியே மூன்று மாதம். மதலேன் கெஞ்சிப் பார்த்தாள். அதட்டிப் பார்த்தாள். ஒரு நாள் கும்பாவையே ஒளித்து வைத்தாள். போஜன் ஜன்னல் வழியாகத் துப்பினார். ஜன்னலுக்குக் கீழே சவரியின் ஸ்கூட்டர் நின்றிருந்தது.

"அக்கா, இந்த ஆளைக் குன்னூருக்கே பஸ் ஏத்தி விட்டுடு" என்றான் சவரி, சீட்டைத் துடைத்துக்கொண்டே.

"இரு. என்னைக்காவது இறங்கும்" என்றாள் மதலேன்.

அந்த ஆலையில் ஒரு வழக்கம். கற்க வந்தவர் மூன்று மாதம் முடிந்ததும் ஒரு பீப்பாய்க்குத் தனியாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தேறினால் பீப்பாய் மேல் சாக்பீஸால் 'அனுப்பு' என்று எழுதுவார். தேறாவிட்டால் 'கொட்டு'. எழுதிய கைதான் அழிக்கலாம். வேறு யாரும் தொடக் கூடாது, மதலேன் உட்பட. 'கொட்டு' என்று எழுதினால், எழுதினவரே குழாயையும் திறந்துவிட வேண்டும்.

போஜனுக்கு வந்தது நாவல் பீப்பாய்.

சவரி தயிர் உறைய வைக்கிற பக்குவத்தில் பீரைப் புளிக்க வைத்து, போன ஆடியில் ஏரிக்கரை நாவல் மரத்துப் பழங்களைப் பொறுக்கிப் போட்டு மூடி வைத்தது. பதினோரு மாதமாகக் காத்திருந்தான். அப்படி அவன் செய்தது அந்த ஒரு பீப்பாய்தான்.

போஜன் கிளாஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கத்தரிப்பூ நிறத்தில் நுரை. முகர்ந்தார். உறிஞ்சினார், உருட்டினார், துப்பினார். மறுபடியும். மூன்றாம் முறையும்.

"புளிப்பு சுத்தமா இருக்கு. எலுமிச்சை மாதிரி நேரா வருது. ஆனா பழம் இல்லையே."

"நாற்பது கிலோ போட்டிருக்கேன் சார்!" என்றான் சவரி.

"போட்டிருப்பே தம்பி. நாக்குல இல்லையே."

சவரி மதலேனைப் பார்த்தான். மதலேன் கூரையைப் பார்த்தாள்.

"நாக்குல இல்லாத பழம் வேற எங்க மேடம் இருக்கும்?" என்று கேட்டார் போஜன். குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மதலேன் எழுந்து வெளியே போனாள். ஆனி மாதம். மரத்தடி முழுக்கப் பழம். நல்லதாக ஒன்றை எடுத்து, மண்ணை ஊதி, கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"சாப்பிடுங்க."

போஜன் வாயில் போட்டார். கண்ணை மூடி இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக உருட்டினார். பிறகு தோல், சதை, கொட்டை எல்லாவற்றையும் சேர்த்துக் கும்பாவில் துப்பினார்.

"நல்ல பழம் மேடம்."

மதலேன் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

போஜன் வஞ்சகம் தெரியாத மனுஷர். இல்லாததை இருக்கிறது என்று எழுத அவருக்கு வராது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு, பின்கட்டில் வாய்க்கால் ஓரம் இருந்த பீப்பாயிடம் போனார். 'கொட்டு' என்று எழுதினார்.

"அக்கா, நீயாவது சொல்லேன்!"

"நான் வச்ச வழக்கம்டா அது" என்றாள் மதலேன். "என் வாயில மண்ணு."

போஜன் குழாயைத் திறந்தார். பீர் ஊதா நிறமாக வாய்க்காலில் இறங்கி ஓடியது.

சவரி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு இரண்டு கிளாஸை ஓடுகிற பீரில் பிடித்து நிரப்பினான். ஒன்றை போஜனிடம் நீட்டினான்.

"நீங்கதான் ருசி பார்த்து முடிச்சிட்டீங்களே சார். இது அதுக்கில்ல. பதினோரு மாசம் தினமும் வந்து இதத் தொட்டுப் பார்த்துட்டுப் போவேன். வழியனுப்பறப்போ நான் ஒருத்தனாக் குடிக்க மனசு வரல."

கும்பா உள்ளே மேஜை மேல் இருந்தது. சவரி எதிரே நின்றான். அவன் முகத்துக்கு நேரே துப்ப போஜனுக்கு மனம் வரவில்லை.

விழுங்கினார்.

முதலில் புளிப்பு போனது. அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் தொண்டையின் இரண்டு பக்கத்தையும் யாரோ மெல்லப் பிடித்த மாதிரி இருந்தது. அந்தப் பிடிக்குள்ளிருந்து நாவல் வந்தது. தோலின் துவர்ப்பு, அதன் பின்னால் சதையின் இனிப்பு, அதற்கும் பின்னால் மழை நனைத்த மரத்தடி. மேலே ஏறி மூக்கு வரைக்கும் வந்து நின்றது.

போஜன் கிளாஸைப் பார்த்தார். இன்னொரு வாய் விழுங்கினார். அடுத்த நொடி கிளாஸ் கீழே விழுந்தது. குழாயின் மேல் பாய்ந்து இரண்டு கையாலும் திருகி மூடினார். சட்டைக் கையால் 'கொட்டு' என்ற எழுத்தைத் தேய்த்துத் தேய்த்து அழித்தார்.

சவரி பீப்பாயை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தான். நடுவயிறு வரைக்கும் வெறும் சத்தம்.

"பாதி" என்றான்.

போஜன் வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்தார். மதலேனை நிமிர்ந்து பார்த்தார். நாக்கும் உதடும் ஊதாவாக இருந்தன. கண் கலங்கியிருந்தது.

"பழம் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே என்னைத் திறக்க விட்டீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம். ஒரே ஒரு வார்த்தை!"

மதலேன் உள்ளே போய்க் கும்பாவை எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

"தினமும் சொன்னேன் சார். வாயில வச்சு உருட்டிப் பார்த்தீங்க. நல்லா இருக்குன்னீங்க. துப்பிட்டீங்க."