தார் அடைத்த பீங்கான் தொட்டி

"ஒரு நாள்கூடத் தண்ணி தப்பினதில்லீங்க அம்மா. அப்புறம் ஏன் இது சாகுது?"

குன்னூர் பங்களாவின் தோட்டக்காரர் அங்கமுத்து, மயில் வரைந்த பீங்கான் தொட்டியைச் சாமியம்மாவின் முன்னால் இறக்கி வைத்தார். உள்ளே விசிறி இலை விரிக்கும் ஒரு சீமைச் செடி, அடிமுதல் நுனிவரை மஞ்சள் பாய்ந்து நின்றது.

சாமியம்மா அவரைவிட இருபது வயது இளையவர். ஓடைக்கரையில் தனியாக இருந்து, வாடின செடிக்கும் நொந்த மனிதருக்கும் வைத்தியம் சொல்பவர். அதிகம் பேசமாட்டார்.

செடியும் தொட்டியும் கப்பலில் வந்தவை. வரவேற்பறையில், விக்டோரியா மகாராணியின் படத்துக்குக் கீழே இடம்பிடித்திருந்தன. பங்களாவின் வெள்ளைக்கார எஜமானி துரைசானிக்குச் செடி என்றால் உயிர். கீழே விரித்த கம்பளம் என்றால் அதைவிட உயிர்.

செடிக்காக மட்டும் ஒரு மனிதர் மூன்று மைல் சுமந்து வரமாட்டார்.

"வீட்டுல என் மக செவந்தியும் இப்படித்தாங்க இருக்கா. கைக்குழந்தை போய் மூணு மாசம் ஆச்சு. பேச்சே இல்லை. நேத்திலேருந்து கஞ்சியும் இறங்கலை."

சாமியம்மா தொட்டியைச் சாய்த்து அடியைத் தடவினார்.

"ஓட்டை எங்கே?"

கம்பளத்தில் தண்ணீர் சொட்டியதற்குத் துரைசானி ஏசியதையும், தாரை உருக்கித் தாமே ஓட்டையை அடைத்ததையும் அங்கமுத்து சொன்னார். அன்றிலிருந்து ஒரு சொட்டுக் கசியவில்லை என்று சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இலை மஞ்சளானதும் இரண்டு வேளையாக ஊற்றினாராம்.

சாமியம்மா செடியைப் பிடித்து இழுத்தார். வேர் அழுகிப்போய், தண்டு மட்டும் கையோடு வந்தது. சாக்கடை நாற்றம் அடித்தது.

"இது போயிடுச்சு."

அங்கமுத்து அந்தத் தண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"மகளும் போயிடுவாளாங்க?"

"குழந்தை போன அன்னிக்கு அவ எப்படி அழுதா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அன்று பங்களாவில் விருந்து. வேலைக்காரர் குடியிருப்பிலிருந்து ஒரு சத்தமும் முன்னறைக்குக் கேட்கக் கூடாது என்பது அங்கே சட்டம். செவந்தி வாயைத் திறந்ததும் அவர்தான் பொத்தினார். அதற்குப் பிறகு தினமும் பக்கத்தில் உட்கார்ந்து, அழாதே அழாதே என்று ஆறுதல் சொல்லி வருகிறார்.

சொல்லிவிட்டு, தொட்டியின் அடியில் தாம் தார் அடைத்த இடத்தை விரலால் தொட்டார்.

"சத்தம் கேட்டா ரூமைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க அம்மா. நாங்க எங்கே போவோம்?" என்றார்.

சாமியம்மா தொட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"குழந்தைக்கு என்ன பேரு?"

மூன்று மாதமாக அந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

"பவுனு," என்றார். அதற்குமேல் முடியவில்லை. பேரன் பேத்தி எடுத்த மனிதர், ஓடைக்கரையில் குந்தி உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

சாமியம்மா தேற்றவில்லை. தோளைப் பிடித்து எழுப்பினார்.

"இங்கே அழாதீங்க. அவ முன்னால போய் அழுங்க."