பொந்தில் கிடந்த நனைந்த இலைகள்

ஆலங்காட்டில் யாருக்காவது சேதி சொல்ல வேண்டுமா? தேக்கிலையில் நாவல்பழச் சாற்றால் எழுதி, ஓரத்தில் பெயரும் போட்டு, வாசல் முள்ளில் குத்தி வைத்தால் போதும். மைனாக்கள் கவ்விக்கொண்டு பறந்துவிடும். அந்த இலைகளைப் பிரித்து அனுப்புபவள் வரியழகி என்ற அணில்.

கிழிந்த இலை, பெயரில்லாத இலை, எறும்பு மொய்த்த இலை இவற்றை அவள் ஒரு தனிப் பொந்தில் போட்டுவிடுவாள். தினமும் அவற்றைப் பார்த்து முடிவு செய்வது செம்பன் கீரியின் வேலை. பெரிய அதிகாரி! அந்தப் பொந்தை அவன் எட்டிப் பார்த்தே ஒரு மாதம் ஆகிறது.

ஒரு நாள் காலை வரியழகி ஓடி வந்தாள். “அண்ணே, கொஞ்சம் வாங்களேன்! விடிஞ்சதிலிருந்து நாலு இலை வந்திருக்கு. ஒண்ணுலயும் எழுத்தே இல்லை!”

“எழுத்தே இல்லாததை நான் என்னத்தைப் படிக்கிறது? கிடக்கட்டும் போ!” என்று கீரி திரும்பிப் படுத்தான்.

“நாலும் நனைஞ்சிருக்கு அண்ணே. மழையே பெய்யலையே!”

கீரி சட்டென்று எழுந்தான். வேலை என்றால் கசக்கும். துப்பறிவது என்றால் அவனுக்கு உயிர்! பொந்துக்குள் மூக்கை நீட்டினான்.

“முதல் இலையில லேசா ஈரம். ரெண்டாவது, மூணாவது சொதசொதன்னு இருக்கு. நாலாவதுல சேறு! அட, ஏரிச் சேறு! எழுதின சாறெல்லாம் தண்ணியில கரைஞ்சு போயிருக்கு. முயல் வாடையும் அடிக்குதே?”

“ஐயையோ! ஏரிக்கரைக்கு அடியில தும்பை முயல் நேத்துதான் குட்டி போட்டா!”

இருவரும் தலைதெறிக்க ஓடினார்கள். கரையின் உட்பக்கம் ஓட்டை விழுந்து, ஏரித் தண்ணீர் முயல் வளைக்குள் கசிந்துகொண்டிருந்தது. வாசலில் இரண்டு குட்டிகளோடு தும்பை நடுங்கிக்கொண்டு நின்றாள்.

“இன்னொண்ணு உள்ளே மாட்டிக்கிச்சு! அந்தச் சந்துல என்னால நுழைய முடியலை!”

கீரி ஒரே பாய்ச்சலில் உள்ளே போனான். மூச்சு முட்ட வெளியே வந்தபோது வாயில் குட்டி இருந்தது. அது அசையவில்லை. தும்பை நக்கினாள், நக்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அது ஒரு தும்மல் போட்டது!

தும்பை அழுதுகொண்டே கேட்டாள்: “விடிஞ்சதுமே முதல் இலையை வச்சேனே! யாருமே பார்க்கலையா?”

கீரி நேராகப் பொந்துக்குத் திரும்பி, ஒரு மாதமாகக் கிடந்த இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத் தொடங்கினான்.

குறை இருக்கிறதென்று ஒதுக்கி வைத்ததை உடனே எடுத்துப் பார்க்காவிட்டால், அது தூக்கி எறிந்ததற்குச் சமம்.