இரண்டு கையிலும் டீ

பச்சை என்றால் பாடம் முடிந்தது. மஞ்சள் என்றால் பாதியில் நிற்கிறது. சிவப்பு என்றால் இன்னும் தொடவே இல்லை.

தவுலத் டீச்சரின் மேசையில் இருக்கும் கணினியில் எல்லோருடைய நிலவரமும் இந்த மூன்று நிறத்தில்தான் தெரியும். காங்கேயம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு டீக்கடையின் மாடியில், பெரியவர்களுக்காக நடக்கும் மாலை வகுப்பு அது. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஆளுக்கொரு டேப்லெட்டில் பாடம் கேட்பார்கள். பக்கத்தில் ஒரு வழிகாட்டி இருப்பார்.

வழிகாட்டியாக வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் டீச்சரிடம் பழக வேண்டும். அப்படிப் பழக வந்தவர்தான் சென்னியப்பன் சார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சரைவிட ஒரு தலைமுறை மூத்தவர். வீட்டில் சும்மா இருக்கத் தெரியாமல் அரிசி டப்பாவையும் பருப்பு டப்பாவையும் இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தவரை, அவர் மனைவிதான் தொல்லை தாங்காமல் இந்த மாடிக்கு அனுப்பி வைத்தார் என்று ஒரு பேச்சு உண்டு.

வந்த வேகத்தில் அவர் பெயர் எடுத்துவிட்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்களுக்கெல்லாம் மளமளவென்று பச்சை விழுந்தது.

அது எப்படி விழுந்தது என்றால், டேப்லெட் ஒரு கேள்வி கேட்கும். படிக்கிறவர் யோசிப்பார். அந்த யோசிக்கிற நேரம் இருக்கிறதே, அது சென்னியப்பன் சாருக்கு ஒரு யுகம். "இங்க பாரும்மா, இத அமுக்கோணும்" என்று அவர் விரல் போய்விடும். "மிகச் சரி!" என்று டேப்லெட் பாராட்டும். படிக்கிறவருக்கும் சந்தோஷம், சாருக்கும் சந்தோஷம். எந்த விரல் அமுக்கியது என்று பார்க்க டேப்லெட்டுக்குக் கண் கிடையாது.

அவரிடம் படித்தவர்களில் பாப்பாத்தியும் ஒருவர். தேங்காய் மில் களத்தில் நாளெல்லாம் வெயிலில் நின்று கொப்பரையைத் திருப்பிப் போடுகிற வேலை. முழங்கால் இரண்டும் போய்விட்டன. அதே மில்லில் எடை போடுகிற இடத்தில் ஒரு வேலை காலியாகி இருந்தது. நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை. மூட்டையைக் கொண்டு வந்தவர் பெயரையும் எடையையும் டேப்லெட்டில் பதிய வேண்டும், அவ்வளவுதான். பாப்பாத்திக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், எண்களும் தெரியும். டேப்லெட் ஒன்றுதான் வராது. அதற்காகத்தான் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு தினமும் மாடி ஏறினார்.

எல்லாப் பாடமும் பச்சையானதும் முதலாளி முன்னால் போய் நின்றார். முதலாளி டேப்லெட்டைக் கொடுத்து, ஒரு மூட்டையைப் பதியச் சொன்னார். பாப்பாத்தி விரலை நீட்டினார். நீட்டிய விரல் அந்தரத்தில் நின்றது. பழக்க தோஷத்தில் வலது பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே சென்னியப்பன் சார் இல்லை.

"ரெண்டு வாரங் கழிச்சு, திங்கக்கெழம இன்னொருக்கா வா. அன்னிக்கும் ஆவலைன்னா வேற ஆளப் போட்டுக்குவேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அன்று மாலை வகுப்புக்கு வந்து இதைச் சொன்னபோது பாப்பாத்தி அழவில்லை. "நமக்கு வெயில்தானுங்க போலிருக்குது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை சென்னியப்பன் சாரால் தாங்க முடியவில்லை.

நேராக டீச்சரிடம் போனார்.

"டீச்சர், எல்லாமே பச்சை."

"ஆமாங்க சார்."

"ஒரு பாடங்கூட பாக்கி இல்ல. அப்பறம் எப்படி அங்க போயி கை ஓடாமப் போச்சு?"

"யாரு கைங்க சார்?"

"இதென்ன கேள்வி? பாப்பாத்தி கைதான்."

டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டார். கணினிப் பக்கம் திரும்பி எதையோ தட்டினார். பாப்பாத்தியின் பெயருக்கு நேரே இருந்த பச்சை முழுவதும் சிவப்பாக மாறியது. சென்னியப்பன் சாருக்குப் பகீரென்றது. கஷ்டப்பட்டு வாங்கிக் கொடுத்த பச்சை அல்லவா?

மறுநாள் பாப்பாத்தி முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தார். சார் வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போடப் போனார். அதற்குள் டீச்சர் கீழே கடையிலிருந்து வந்த இரண்டு கண்ணாடி டம்ளரை அவரிடம் நீட்டினார்.

"இதக் கொஞ்சம் பிடிங்க சார். ஒண்ணு உங்களுது, ஒண்ணு என்னுது. இப்ப வந்தர்றேன்."

பிடித்துக்கொண்டார். இரண்டு கையிலும் சூடான டீ.

டீச்சர் பாப்பாத்தியின் பக்கம் குனிந்தார். "அக்கா, இன்னிக்கு ஹெட்போன் மாட்டிக்கங்க. கீழ பஸ் சத்தம் அதிகமா இருக்குது." மாட்டிவிட்டு, அறையின் அந்தக் கோடியில் வேறொருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். இப்ப வருகிறேன் என்றவர் வரவே இல்லை.

டேப்லெட் இருக்கிற மேசையில் டீ வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். யாரோ ஒருமுறை கொட்டி ஒரு டேப்லெட் செத்துப்போனதிலிருந்து அப்படி. ஜன்னல் விளிம்பு முழுக்க சார்ஜர்கள். தரை, ஆட்கள் நடக்கிற இடம். சென்னியப்பன் சார் நின்றார்.

திரையில் பெயர்ப் பட்டியல் வந்தது. பாப்பாத்தியின் விரல் தப்பான இடத்துக்குப் போனது.

"அதில்லம்மா, கீழ பாரு" என்றார் சார்.

ஹெட்போனுக்குள் அது போகவில்லை. தப்பு என்று திரை காட்டியது. பாப்பாத்தி வலது பக்கம் நிமிர்ந்து பார்த்தார். சார் அங்கேதான் இருந்தார். ஆனால் கையில் இடமில்லை, பேச்சில் பயனில்லை. புருவத்தைத் தூக்கினார், தாடையை நீட்டிக் கீழே காட்டினார், பல்லைக் கடித்தார். ஆத்திரமும் பரிதாபமும் மாறி மாறி வந்து அந்த முகம் படாத பாடு பட்டது. பாப்பாத்தி கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்ததும் திரும்பித் திரையைப் பார்த்தார்.

பாடத்தை மறுபடி கேட்டார். இன்னொரு முறை கேட்டார். அந்தக் கருவியிடம் ஒரு நல்ல குணம் உண்டு. எத்தனை தடவை கேட்டாலும் அதே குரலில்தான் சொல்லும். 'எத்தன வாட்டிதான் சொல்றது' என்கிற வார்த்தை அதற்குத் தெரியாது. சென்னியப்பன் சார் வங்கியில் இருந்த காலத்தில் தினமும் சொன்ன வார்த்தை அதுதான்.

பாப்பாத்தி விரலை வைத்தார், எடுத்தார். யோசித்தார். மெல்லக் கீழே தள்ளினார், அமுக்கினார்.

"மிகச் சரி!" என்று டேப்லெட் சொன்னது சாருக்குக் கேட்கவில்லை. பாப்பாத்தியின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். இத்தனை நாளில் அந்த முகத்தை அவர் அப்படிப் பார்த்ததில்லை.

வகுப்பு முடிகிற நேரத்தில் டீச்சர் வந்தார்.

"டீ ஆறிப்போச்சு, டீச்சர்."

"ஆறட்டுங்க சார். நாளைக்கு வேற வாங்கிக்கலாம்."

மறுநாளும் இரண்டு டம்ளர். அதற்கு மறுநாளும் அப்படியே. பாப்பாத்தியின் வரிசையில் ஒரு மஞ்சள் விழுந்தது, பிறகு ஒரு பச்சை. பழைய வேகத்தோடு பார்த்தால் நத்தை வேகம். ஆனால் சென்னியப்பன் சாருக்கு உள்ளுக்குள் வேறொன்று அரித்தது. அன்று எல்லோரும் போன பிறகு கேட்டுவிட்டார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கோணும். பாடத்த டேப்லெட் சொல்லுது. தப்புன்னா அதுவே சொல்லுது. சரின்னாலும் அதுவே பாராட்டுது. நான் டீயப் புடிச்சுட்டு நிக்கறேன். அதுக்கு ஒரு ஸ்டேண்டு வாங்கி வச்சாலே போதுமே. நான் எதுக்கு?"

அவருக்குக் கோபமில்லை. தான் யாருக்கும் தேவைப்படவில்லையோ என்கிற வருத்தம்தான். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவரை விடாமல் துரத்தும் வருத்தம் அது.

டீச்சர் ஒயர்களைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "அப்ப நாளைக்கு வராதீங்க சார்."

திட்டுகிறாரா, லீவு கொடுக்கிறாரா என்று புரியவில்லை. போகாமல் வீட்டில் இருந்தார். அன்று சமையலறை டப்பாக்களுக்கு மறுபடி போதாத காலம்.

அடுத்த நாள் மாடி ஏறியதும் முதல் வேலையாகக் கேட்டார்.

"பாப்பாத்தி பாடம் எதுவரைக்கும் வந்திருக்குது?"

"நேத்து ஆரம்பிக்கவே இல்லைங்க சார்."

"ஏன், வரலையா?"

"நேரத்துக்கு வந்தாங்க."

"டேப்லெட்டுல சார்ஜ் இல்லையா?"

"முழுசா இருந்துச்சுங்க."

"அப்பறம்?"

"படிக்கட்டப் பாத்துட்டே உக்காந்திருந்தாங்க. கொஞ்ச நேரத்துல, முட்டி வலிக்குதுன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க."

திங்கட்கிழமைக்கு அதிக நாள் இல்லாதபோது ஒரு நாள் வீணாகிவிட்டதே என்று சென்னியப்பன் சார் பதறினார். பிறகு கீழே இறங்கிப் போய், தானே இரண்டு டீ வாங்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். வங்கியில் இருந்த காலத்தில் எவருக்கும் டீ வாங்கிக் கொடுத்துப் பழக்கமில்லாத மனிதர்.

பாப்பாத்தி அவரைப் பார்த்ததும் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு சார் தினமும் ஒரு நாற்காலி அளவு தள்ளி நின்றார். யாரும் சொல்லவில்லை, அவராகத்தான் நின்றார். பாப்பாத்தி வலது பக்கம் திரும்புவது குறைந்தது. ஒருநாள், வகுப்பு முடிகிறவரை அவர் திரும்பவே இல்லை. சார் இருக்கிறாரா, போய்விட்டாரா என்றுகூடப் பார்க்கவில்லை. சென்னியப்பன் சாருக்கு அது கொஞ்சம் வலித்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு ஆறின டீயைக் குடித்தார்.

திங்கட்கிழமை மத்தியானமே டீச்சரைத் தேடி வந்துவிட்டார்.

"நானும் மில்லுக்குப் போயிட்டு வர்றேன், டீச்சர். உள்ள போகமாட்டேன். கேட்டுக்கு வெளிய நின்னுக்கறேன்."

"உங்களால வெளிய நிக்க முடியுமாங்க சார்?"

நேர்மையாக யோசித்துப் பார்த்தார்.

"முடியாது" என்றார்.

"உக்காருங்க. இந்த ஹெட்போனையெல்லாம் தொடைக்கோணும்."

உட்கார்ந்து துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். படிக்கட்டில் யார் ஏறினாலும் தலையைத் தூக்கினார். தனக்குப் பதவி உயர்வு வருமா வராதா என்று காத்திருந்தபோதுகூட அவர் இப்படி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் பாப்பாத்தி ஏறி வந்தார். சேலையெல்லாம் கொப்பரை வாசம். மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னாச்சும்மா?" என்றார் சார்.

"மொத மூட்டைய நல்லாப் போட்டுப்போட்டனுங்க. ரெண்டாவதுல பேர மாத்தி அமுக்கிப்போட்டேன். முதலாளி பக்கத்துலயே நின்னு பாத்துட்டிருக்கறாரு. எனக்குக் கையெல்லாம் நடுங்கிப்போச்சுங்க. சட்டுனு சோத்தாங்கைப் பக்கம் திரும்பிட்டேன்."

"நாந்தான் அங்க இல்லியே" என்றார் சார்.

"இல்லீங்க. ஆனா நீங்க ரெண்டு டம்ளரையும் புடிச்சுட்டு, பேச முடியாம, மூஞ்சியக் கோணக்கோண வச்சுட்டு நிக்கறது நெனப்பு வந்துருச்சு. சிரிப்ப அடக்க முடியலைங்க சார். என்ன புள்ள சிரிப்புன்னாரு முதலாளி. ஒண்ணுமில்லீங்கன்னேன். கை நடுக்கம் நின்னுபோச்சு. தப்பாப் போட்டத அழிச்சுட்டு, மறுக்காப் போட்டேன்."

"அப்பறம்?"

"நாளைல இருந்து நெழல்ல வந்து உக்காரச் சொல்லிட்டாருங்க."

சென்னியப்பன் சார் கண்ணாடியைக் கழற்றி, அதையும் துடைத்தார்.

வீட்டுக்குப் போய் இந்தச் செய்தியைச் சொல்ல பாப்பாத்திக்கு அவசரம் இருக்கும் என்று நினைத்தால், அவர் எழுந்து தன் மேசைக்குப் போனார். "பேங்க் பாடம் ஒண்ணு பாதில கெடக்குதுங்க" என்று சொல்லி ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அதன் பிறகு இவர்கள் பக்கம் திரும்பவில்லை.

வாசலில் புதிதாக இரண்டு பேர் வந்து நின்றார்கள். கட்டட வேலைக்குப் போகிறவர்கள்போல இருந்தார்கள். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல், ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டு நின்றார்கள்.

சென்னியப்பன் சார் டீச்சரின் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டீச்சர், நான் அந்தம்மாவுக்கு ஒண்ணுமே செய்யலயே."

டீச்சர் வாசலில் நின்றவர்களைப் பார்த்து, வாங்க என்று கை காட்டினார்.

"அதையே இவங்களுக்கும் செய்யுங்க சார்" என்றார்.